ஐந்து கோப்பைகளும் ஒரு மணிக்கட்டு எலும்பும்: நைஜீரியாவின் 17 வயது அணி

2017 அக்டோபரில் கொச்சி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நைஜர் நாட்டுப் பையன்கள் வட கொரியாவை 1-0 என்று வென்றார்கள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா நடத்தும் உலகப் போட்டியில் நைஜர் கால்வைத்ததே அப்போதுதான். 17 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான உலகக் கோப்பை நமக்கு இவ்வளவு பக்கத்தில் நடந்தது அந்த ஒரு முறைதான். அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்த பலருக்கும், இந்தப் பையன்கள் யாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்காது. 2013, 2015 என அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வென்றிருந்த நைஜீரியாவை, தெற்கே எல்லையை ஒட்டிக் கிடக்கும் அந்தப் பெரிய நாட்டை, ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் வெளியேற்றிவிட்டுத்தான் நைஜர் இந்தியாவுக்கு விமானம் ஏறியது.

நடப்புச் சாம்பியன் இல்லாமலே இந்தியாவில் உலகக் கோப்பை நடந்து முடிந்தது. அப்போதே "ஸ்கேன் வந்தது, சாயம் வெளுத்தது" என்று ஒரு பேச்சு கிளம்பியது. வயதை மறைத்து வென்றார்கள், மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கத் தொடங்கியதும் வெல்ல முடியவில்லை என்பதே அந்தப் பேச்சின் சாரம். சொல்வதற்குச் சுலபமான கதை இது. ஆனால் ஆண்டுவாரியாக முடிவுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை இப்படி ஓடவில்லை. பொய் நடந்திருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பொய்யால் அதிகம் இழந்தது யார் என்பதுதான் என் கேள்வி.

பதிவேடு சொல்வது

1985 முதல் 2025 வரை இந்தப் போட்டி 20 முறை நடந்திருக்கிறது. நைஜீரியா ஆடியது 12 முறை. அதில் 8 முறை இறுதிப்போட்டிக்குப் போயிருக்கிறது. 1985, 1993, 2007, 2013, 2015 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கோப்பை. 1987, 2001, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதியில் தோல்வி. நான்கு கோப்பைகளோடு பிரேசில் அடுத்த இடத்தில் நிற்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆடிய 12 முறையில் இடையிலேயே வெளியேறியது நான்கே முறை. தகுதி பெறாமலோ தடையாலோ வராமலே போனது 8 முறை. அதாவது வந்தால் பெரும்பாலும் கடைசி நாள்வரை இருப்பார்கள், இல்லையென்றால் வரவே மாட்டார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. உலகக் கோப்பையை ஐந்து முறை வென்ற இந்த அணி, ஆப்பிரிக்கக் கோப்பையை 2001, 2007 என இரண்டே முறைதான் வென்றிருக்கிறது. 2013இல் ஆப்பிரிக்க இறுதியில் ஐவரி கோஸ்டிடம் பெனால்ட்டியில் தோற்றுவிட்டு, அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்றது. 2015இல் ஆப்பிரிக்காவில் நான்காவது இடம், உலகத்தில் முதலிடம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் உள்சண்டை எவ்வளவு கடுமையானது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். 1991இல் கானா, 1993இல் நைஜீரியா, 1995இல் மறுபடி கானா. மூன்று கோப்பைகள் வரிசையாக அந்தக் கடற்கரைக்கே போயின. 1993 டோக்கியோ இறுதியில் மோதியதே இந்த இரண்டு அணிகள்தான், நைஜீரியா 2-1 என்று வென்றது. 2015 இறுதியில் எதிரே நின்றது மாலி. தெருமுனை ஆட்டத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம், ஊர்த் திருவிழா ஆட்டம் அதைவிட எளிது என்கிற நிலை.

1985 ஆகஸ்ட், பெய்ஜிங்

முதல் போட்டி சீனாவில், அப்போது 16 வயதுக்குட்பட்டோருக்கானது. செபாஸ்டியன் பிராடெரிக்-இமாசுவென் பயிற்சியாளர், ந்டூகா உக்பாடே கேப்டன். அரையிறுதியில் இன்னொரு மேற்கு ஆப்பிரிக்க அணியான கினியாவைப் பெனால்ட்டியில் கடந்தார்கள். ஆகஸ்ட் 11 அன்று இறுதியில் மேற்கு ஜெர்மனியை 2-0 என்று வென்றார்கள். ஜோனதன் அக்போபோரி ஒரு கோல், விக்டர் இக்பினோபா ஒரு கோல். ஃபிஃபா போட்டி ஒன்றை ஆப்பிரிக்க அணி வென்றது அதுவே முதல் முறை. வெற்றிக்குப் பதினாறே நாளில் நைஜீரியாவில் ராணுவ ஆட்சி கைமாறியது, புஹாரி போய் பாபங்கிடா வந்தார். கோப்பையைத் தூக்கிய பையன்கள் ஊர் திரும்பிய சூட்டில் நாட்டின் தலைமையே வேறாகிவிட்டது.

அந்தப் பையன்கள் 1968ஐ ஒட்டிப் பிறந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். 1967 ஜூலையிலிருந்து 1970 ஜனவரி வரை நைஜீரியாவில் பயாஃப்ரா உள்நாட்டுப் போர். ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் எந்த அலுவலகம் பிறப்பைப் பதிந்திருக்கும்? நாடு முழுவதற்குமான கட்டாயப் பிறப்புப் பதிவுச் சட்டமே அவர்கள் பிறந்து பல ஆண்டு கழித்துத்தான் வந்தது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. என் அப்பா தலைமுறையில் பாதிப் பேருக்குச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் மாதத்தில்தான் இருக்கும், பள்ளி திறக்கும் நாளுக்குத் தோதாகத் தலைமையாசிரியர் போட்டது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வைத்துப் பார்ப்பார்கள். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம். காகிதம் இல்லாத இடத்தில் உடம்பே சான்றிதழ். அந்தத் தேதியில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆனால் உண்மையும் முழுதாக இல்லை.

தேதி தெரியாமல் போவது வேறு, தெரிந்தே மாற்றுவது வேறு. 1988 ஒலிம்பிக் அணியில் இருந்த மூன்று நைஜீரிய வீரர்களின் பிறந்த தேதி, அதே வீரர்கள் முன்பு இளையோர் போட்டிகளுக்குக் கொடுத்த தேதியோடு ஒத்துப்போகவில்லை என்று ஃபிஃபா கண்டுபிடித்தது. இளையோர் போட்டிகள் அனைத்திலிருந்தும் நைஜீரியாவுக்கு இரண்டு ஆண்டுத் தடை. 1991 உலக இளையோர் போட்டியை நடத்தும் உரிமையும் பறிபோய் போர்ச்சுகலுக்குப் போனது. ஒரே ஆள், இரண்டு படிவம், இரண்டு தேதி என்றால் அதைப் போர்க்காலக் குழப்பம் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தக் கறை பதிவேட்டில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும்.

அந்தத் தடையைப் பற்றிப் பேசும்போது ஏமாந்தவர்களாக எல்லோரும் சொல்வது எதிரணிகளை. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு ஆள். அணிக்கு இடங்கள் எண்ணி வைத்தவை. பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்தால், எழுந்து போவது ஜெர்மன் பையன் இல்லை. லாகோஸிலோ கடூனாவிலோ உண்மையாகவே பதினாறு வயதில் பந்து உதைத்துக்கொண்டிருக்கும் நைஜீரியப் பையன். வளர்ந்தவனின் தோளுக்கு முன்னால் அவன் இளைத்தவனாகத் தெரிந்திருப்பான், முதல் நாள் தேர்விலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பான். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

மணிக்கட்டு

ஃபிஃபாவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ஜிரி ட்வோராக்கின் குழு, அல்ஜீரியா, அர்ஜென்டினா, மலேசியா, சுவிட்சர்லாந்து நாடுகளைச் சேர்ந்த 14 முதல் 19 வயதுவரையான 496 வீரர்களின் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தது. எக்ஸ்ரேயைத் தவிர்த்ததற்குக் காரணம் எளிது, விளையாட்டுக்காக வளரும் பிள்ளைகள் மேல் கதிரைப் பாய்ச்சக் கூடாது.

பார்ப்பது கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் நுனியை. வளரும் வயதில் எலும்பின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே குருத்தெலும்பு ஒரு கோடாக ஓடும். வயது ஏற ஏறக் கோடு சிறிது சிறிதாகச் சுருங்கும், கடைசியில் மறைந்து ஒரே எலும்பாகிவிடும். இந்த மாற்றத்தை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் படி என்றால் கோடு முழுதாக மறைந்தாயிற்று. அந்த ஆய்வில் 16 வயதுக்காரர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே அப்படி மறைந்திருந்தது. ஆகவே ஆறாம் படிக்காரருக்கு 17 வயது அணியில் இடமில்லை.

காதைத் தொடும் சோதனையைப் போலவே இதற்கும் ஓர் எல்லை உண்டு. 18, 19 வயதிலும் கோடு மறையாத பையன்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொய்த் தேதியோடு வந்தாலும் கருவி விட்டுவிடும். அரிதாக, வேகமாக முதிர்ந்த உண்மையான 16 வயதுக்காரன் மாட்டிக்கொள்ளவும் கூடும். ஸ்கேனில் தேறியவரெல்லாம் உத்தமர் என்றும், தேறாதவரெல்லாம் திருடர் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 22 வயதுக்காரரைப் பதினாறு என்று சொல்லிக் கூட்டிவரும் துணிச்சலுக்கு அது பெரிய முட்டுக்கட்டை.

உலகக் கோப்பையில் இந்தச் சோதனை நடைமுறைக்கு வந்தது 2009இல். அந்தப் போட்டியை நடத்தியதே நைஜீரியாதான். தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் முகாமில் கணிசமான பையன்கள் ஸ்கேனில் விழுந்தார்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பயிற்சியாளர் ஜான் ஓபு அவசரமாகப் புதியவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. சொந்த ஊரில், உலகமே பார்க்கும் நேரத்தில், ஒட்டுப்போட்ட அணி. அது முதல் ஆட்டத்தில் ஜெர்மனியோடு 3-3 சமன் செய்தது. அர்ஜென்டினாவை வென்றது. அரையிறுதியில் ஸ்பெயினை 3-1 என்று வென்றது. அபுஜாவில் இறுதிப்போட்டியில் சுவிட்சர்லாந்தின் ஹாரிஸ் செஃபெரோவிச் போட்ட ஒரே கோலில் கோப்பை கைநழுவியது. தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து நைஜீரியாவின் சானி எமானுவேலுக்குக் கிடைத்தது.

இந்தத் தோல்வியை நான் இரண்டு கோப்பைக்குச் சமமாக வைப்பேன். "ஸ்கேன் வந்ததும் வெல்ல முடியவில்லை" என்ற கதை சரியென்றால் அணி உடைந்திருக்க வேண்டிய இடம் இதுதான். எலும்பைப் பார்த்து ஆட்களைக் கழித்த பிறகும், மிச்சம் இருந்தவர்களையும் புதிதாக வந்தவர்களையும் வைத்துக் கடைசி நாள்வரை போனார்கள். எதிரே நின்ற சுவிஸ் அணியில் கிரானிட் ஷாகாவும் ரிக்கார்டோ ரொட்ரிகஸும் இருந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்கேனுக்குப் பின்

2011க்குத் தகுதி பெறவில்லை. 2013இல் மனு கர்பா தலைமையில் வந்த அணிதான் என் கணக்கில் இந்தப் போட்டி கண்ட மிகச் சிறந்த அணி. கலபார் நகரத்தில் முகாம், நீண்ட காலம் சேர்ந்தே இருந்த பையன்கள், அது ஆட்டத்தில் தெரிந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் மெக்சிகோவோடு. 6-1. அதே மெக்சிகோ, நடுவில் பிரேசிலையும் வீழ்த்திவிட்டு, இறுதிப்போட்டிக்கு வந்து நின்றது. 3-0. ஒரு தொடரில் நடப்புச் சாம்பியனுக்கு எதிராக ஒன்பது கோல் போட்டு ஒன்றை மட்டும் வாங்கினார்கள். ஏழு ஆட்டங்களில் மொத்தம் 26 கோல். கெலெச்சி இஹியனாச்சோவுக்குத் தங்கப் பந்து.

அந்த அணியின் வேகத்தைப் பற்றி நிறையப் பேர் பேசினார்கள், ஆப்பிரிக்க அணி என்றாலே வேகம், உடல்வலு என்று எழுதிவிடுவது ஒரு சோம்பல். இஹியனாச்சோவின் ஆட்டத்தில் வேகம் முக்கியமே இல்லை. பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்துவிட்டு, தடுப்பாட்டக்காரர் எந்தக் காலில் எடையை வைத்திருக்கிறார் என்று கணித்து, எதிர்ப்பக்கம் ஒரே தொடுதலில் திரும்புவார். எலும்பு முதிர்ந்ததால் வரும் வித்தை இல்லை அது. அணியின் துணைப் பயிற்சியாளர்களில் ஒருவர் ந்டூகா உக்பாடே, 1985இல் பெய்ஜிங்கில் கோப்பையைத் தூக்கிய அதே கேப்டன்.

2015 சிலேயில் எமானுவேல் அமுனிகே பயிற்சியாளர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 3-2 என்ற வெற்றிக் கோலை அடித்தவர் அவர். நாடு முழுக்கப் பையன்களை வரவழைத்துத் தேர்வு வைத்தார். அப்படி வந்தவர்களில் ஒருவன் லாகோஸில் சிக்னலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஓடி ஓடித் தண்ணீர்ப் பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தவன், விக்டர் ஒசிமென். ஓலுசோசுன் குப்பைமேட்டை ஒட்டிய பகுதியில் வளர்ந்தவன். வண்டி நகரத் தொடங்கியதும் காசை வாங்கக் கூடவே ஓட வேண்டும், ஓடினால்தான் அன்றைய சாப்பாடு. சிலேயில் அவன் ஆடிய ஏழு ஆட்டத்திலும் கோல் போட்டான். மொத்தம் 10, அந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரே தொடரில் யாரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை. குழு ஆட்டத்தில் குரோஷியாவிடம் 2-1 என்று தோற்ற அணி, காலிறுதியில் பிரேசிலை 3-0, அரையிறுதியில் மெக்சிகோவை 4-2, இறுதியில் மாலியை 2-0 என்று வென்றது.

இரண்டு கோப்பையும் ஸ்கேன் காலத்தில் வந்தவை. கருவியின் எல்லையை மேலே சொல்லிவிட்டேன், அதனால் இவற்றை முழுச் சான்று என்று அடித்துச் சொல்லவில்லை. 2009க்கு முந்தைய எந்தக் கோப்பையையும்விட, அது எந்த நாட்டுடையதானாலும், அதிகம் சோதிக்கப்பட்ட வெற்றிகள் இவை என்று சொல்வேன். சரியான வயதுப் பையனுக்குரிய இடம் அவனுக்கே திரும்பக் கிடைத்தபோது ஒசிமென் போன்றவன் உள்ளே வந்தான் என்பதே இதில் எனக்குப் பெரிய விஷயம்.

பிறகு என்ன ஆனார்கள்?

சந்தேகப்படுபவர்கள் கடைசியாக வைக்கும் வாதம் இது: 17 வயதில் ஐந்து கோப்பை, 20 வயதில் ஏன் ஒன்றுகூட இல்லை? நைஜீரியா 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 1989, 2005 என இரண்டு இறுதியில் தோற்றது உண்மை. பெரியவர்கள் அணி உலகக் கோப்பையில் காலிறுதியைப் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

ஆனால் 1993 அணியைப் பாருங்கள். நுவான்கோ கானு, வில்சன் ஓருமா, செலஸ்டின் பாபயாரோ மூவரும் மூன்றே ஆண்டில் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார்கள், கானு கேப்டன். 2009 அணியின் கென்னத் ஓமெருவோவும் ஒகென்யி ஒனாசியும் 2013இல் பெரியவர்களுக்கான ஆப்பிரிக்கக் கோப்பை வென்றார்கள். இஹியனாச்சோ மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். அவரோடு 2013 அணியில் இருந்த தைவோ அவோனியி ஜெர்மனி வழியாக நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தார். ஒசிமென் 2022-23இல் 26 கோல் போட்டு நாப்போலியை இத்தாலியச் சாம்பியனாக்கினார், 2023இன் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் ஆனார். சாமுவேல் சுக்வுவேஸே வியாரியாலுக்கும் பிறகு ஏசி மிலானுக்கும் ஆடினார்.

மங்கிப்போனவர்களும் உண்டு. 2007இல் ஸ்பெயினைப் பெனால்ட்டியில் 3-0 என்று வென்ற அணியில் 7 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கிய மெக்காலே கிறிசாந்தஸ், எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. (அந்த அணியின் பயிற்சியாளர் யெமி டெல்லா நுரையீரல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே கோப்பையை வென்றார். அடுத்த மாதமே காலமானார். அந்தக் கோப்பையைப் பற்றி யார் பேசினாலும் அவர் பெயரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.) மங்கியது வயதை மறைத்ததற்கு அடையாளம் என்பவர்கள், 2015இல் ஒசிமெனைத் தாண்டித் தங்கப் பந்து வாங்கிய கேப்டன் கெலெச்சி நுவகாலியையும் பார்க்க வேண்டும். ஆர்சனல் அவரை எடுத்தது, முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கடன் கடனாகச் சுற்றிவிட்டு விலகினார். அவர் ஸ்கேன் காலத்து வீரர். 2001 இறுதிவரை வந்த அணியின் ஃபெமி ஒபபுன்மி 17 வயதிலேயே 2002 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடினார், சில ஆண்டுகளில் க்ளாக்கோமா அவர் கண்ணையும் ஆட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. பதினெட்டு வயதில் தனியாக ஐரோப்பாவுக்குப் போய், மொழி தெரியாத ஊரில், கிளப் விட்டுக் கிளப் அனுப்பப்படும் பையன் தொலைந்துபோவதற்கு நூறு காரணம் இருக்கிறது.

வராமல் போகும் ஆண்டுகளுக்கு என் விளக்கம் எலும்பைவிட மண்ணைச் சார்ந்தது. நாடு முழுக்க வயதுவாரியாக ஆண்டு முழுவதும் பலமான லீக் நடந்தால், பதினான்கு வயதிலேயே பையன்கள் தெரிந்திருப்பார்கள், தேதியும் பதிவாகியிருக்கும். அது சரியாக அமையாததால் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் புதிதாகத் தேர்வு வைத்து, முகாம் போட்டு, ஒன்றுமில்லாததிலிருந்து அணியைக் கட்டுகிறார். ஸ்கேனில் ஆட்கள் கழியும்போது மாற்று ஆள் கைவசம் இருப்பதில்லை. நல்ல பயிற்சியாளரும் போதிய நாட்களும் கிடைத்த ஆண்டில் கோப்பை வருகிறது. கிடைக்காத ஆண்டில், அக்கம்பக்கத்து நாடுகள் அனைத்தும் பலமாகிவிட்ட நிலையில், மண்டலப் போட்டியைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிடுகிறது.

2019இல் பிரேசிலுக்கு வந்த அணி, நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே நெதர்லாந்திடம் 3-1 என்று தோற்றது. 2023 ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அணியைக் கூட்டிக்கொண்டு அல்ஜீரியா போன தலைமைப் பயிற்சியாளர் ந்டூகா உக்பாடே. கேப்டனாக ஒரு கோப்பை, துணைப் பயிற்சியாளராக ஒரு கோப்பை கண்டவர். காலிறுதியில் வென்றிருந்தால் உலகக் கோப்பைக்கு இடம் உறுதி. புர்கினா ஃபாசோவிடம் 2-1 என்று தோற்றார்கள். அடுத்த முறை மனு கர்பாவே திரும்ப அழைக்கப்பட்டார், மேற்கு ஆப்பிரிக்க மண்டலத்தையே தாண்ட முடியவில்லை. 2025 நவம்பரில் கத்தாரில் 48 அணிகளோடு உலகக் கோப்பை நடந்தது. ஆப்பிரிக்காவுக்கு மட்டும் 10 இடங்கள். மாலி, செனகல், ஐவரி கோஸ்ட், புர்கினா ஃபாசோ எல்லோரும் இருந்தார்கள், நைஜீரியா இல்லை.